இரண்டாவது மாடிக்கு ஒரு மலை

சாமியே தன் உடம்பில் சரிபாதியைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் ஊர் திருச்செங்கோடு. அந்த ஊரில்தான் முப்பத்தாறு வயதாகியும் பெண் அமையாமல் இருந்தான் அர்த்தநாரி. சாமி பெயரை வைத்தால் சாமிக்கு வாய்த்தது பிள்ளைக்கும் வாய்க்கும் என்று வைத்திருக்கிறார்கள். வாய்க்கவில்லை.

சங்ககிரி ரோட்டில் அவனுக்கு ஓர் எடைமேடை இருந்தது. லாரிகள் ஏறி நின்று எடை பார்த்துக்கொண்டு போகும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சிவப்பாக எரியும் எண்களை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. தனக்கு மூளை கொஞ்சம் குறைவோ என்ற சந்தேகம் அவனுக்கே உண்டு. மேடையில் ஏறி நின்றும் பார்த்திருக்கிறான். தலையை மட்டும் தனியாக நிறுக்க வழியில்லாததால் அந்த விஷயம் முடிவாகாமலே இருந்தது.

கூட்டாளிகள் இருவர். போர்வெல் தோண்டும் ரிக் கம்பெனியில் கிரேன் ஓட்டும் செங்கோடன் ஒருவன். லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் நாச்சிமுத்து இன்னொருவன். அவர்களுக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் மூவருக்கும் ஏராளமான நேரம் மிஞ்சியது. அந்த நேரத்தில் மலைக்குப் பின்புறம் போய் ஆளுக்கொரு ரிமோட் வண்டி ஓட்டினார்கள்.

அது வேகமாக ஓடும் வண்டி இல்லை. முழ நீளம், கொழுத்த ரப்பர் சக்கரம், பாறை ஏறுவதற்கென்றே செய்தது. பல்லியைப் போலப் பாறையை அப்பிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒரு பாறை ஏற ஒரு காலைப்பொழுது பிடிக்கும். உச்சிக்குப் போனதும் மூவரும் கைதட்டுவார்கள். பிறகு அது இறங்க ஒரு மத்தியானம் பிடிக்கும்.

பெருந்துறைக்குப் பெண் பார்க்கப் போன அன்று, காரில் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள். "கண்ணு, அந்தப் பொம்மைக் காரைப் பத்தி மட்டும் அங்க வாயத் தொறந்தராதே."

பெண்ணின் பெயர் கோகிலவாணி. தனியார் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து நேராகக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமைல என்னங்க பண்ணுவீங்க?"

"பாறை ஏறுவேனுங்க."

"நீங்களா?"

"இல்லீங்க. வண்டி."

அம்மா உத்தரத்தைப் பார்த்தாள். அர்த்தநாரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பல்லியையும் சொன்னான், கைதட்டுவதையும் சொன்னான். சொல்லச் சொல்ல, தன் கல்யாணத்தைத் தானே ரிவர்ஸ் கியர் போட்டுக் கிணற்றில் இறக்குவது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. நிறுத்தத்தான் தெரியவில்லை.

கோகிலவாணி சிரிக்கவில்லை. "வர்ற சனிக்கிழமை எங்க ஸ்கூல்ல அறிவியல் விழாங்க. சாய்தளம், உராய்வுன்னு போர்டுல எழுதி எழுதி எனக்குக் கைதான் வலிக்குது. அந்த வண்டியக் கொண்டாந்து பிள்ளைங்களுக்கு ஓட்டிக் காட்டறீங்களா?"

"காட்டறேனுங்க."

"ஆனா அங்க பாறை கிடையாது. நீங்கதான் ஒரு தடம் செஞ்சு கொண்டாரணும். ஹால் ரெண்டாவது மாடிங்க, லிஃப்ட் இல்லை. அதனால லேசா இருக்கணும். ஒரு ஆளே தூக்கற மாதிரி இருக்கணும். பார்த்தா நிஜப் பாறையாட்டவே தெரியணும். பிள்ளைங்க தொடுவாங்க, கையில எதுவும் குத்தக் கூடாது."

"சரிங்க."

"அதைப் பார்த்துட்டுப் பதிலைச் சொல்றேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "பதில் சொல்றேன்னு சொல்லுதே! இத்தனை வருசத்துல எந்தப் புள்ளையும் நம்மளுக்குப் பதில்னு ஒண்ணு சொன்னதில்லை சாமி. அதைக் கெடுத்துப்போடாதே."

கெடுத்துவிடக் கூடாது என்றுதான் அன்று சாயங்காலமே மூவரும் எடைமேடையில் கூடினார்கள்.

"லேசுன்னா தெர்மாகோல்தான்" என்றான் நாச்சிமுத்து.

அது நல்ல யோசனை. இந்தக் கதையில் வந்த நல்ல யோசனை அது ஒன்றுதான், அதனால் அதன் ஆயுளும் கம்மி. தெர்மாகோலை அடுக்கி, ஒட்டி, கத்தியால் செதுக்கி, மறுநாளே பாறை ஒன்றைச் செய்துவிட்டார்கள். ஏற்றம் இருந்தது, பிளவு இருந்தது, பிளவுக்கு மேல் ஒரு பாலமும் இருந்தது. அர்த்தநாரி அதை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தான். நிறம்தான் வெள்ளை. நிஜப் பாறையாகத் தெரிய வேண்டுமே. நாச்சிமுத்து லாரிக்கு அடிக்கும் பெயிண்டில் தின்னரைக் கலந்து, பாறை நிறம் பிடித்து, தாராளமாக அடித்தான்.

அடித்த இடமெல்லாம் உஸ்ஸென்று சத்தம் கேட்டது. மலை இளைத்தது. பாலம் குனிந்து பிளவுக்குள் போயிற்று. பிளவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தரையில் கொழகொழவென்று ஒரு கறை, பாறை நிறத்தில்.

மூவரும் கறையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பெயிண்ட்ல தப்பு இருக்குமோ?" என்றான் செங்கோடன்.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, என்ற பெயிண்ட் அடிச்ச வண்டி காஷ்மீர் வரைக்கும் போயிட்டு வருது. ஒரு பொட்டு உரிஞ்சிருக்குதா?"

"உரியலை."

"அப்பறம்?"

"அப்ப தப்பு பாறை மேலதான்" என்றான் அர்த்தநாரி.

பாறையை மாற்றுவது என்று முடிவாயிற்று. லாரிப் பெயிண்டைத் தாங்கும் பாறை எதுவென்று நெடுநேரம் யோசித்தார்கள். லாரி தாங்குகிறது. லாரி இரும்பால் ஆனது. ஆகவே பாறையும் இரும்பால் ஆக வேண்டும்.

முதல் இரும்புச் சட்டத்தை வெட்டி எடுத்ததும் அர்த்தநாரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "லேசா இருக்கணும்னு சொல்லுச்சேடா."

"நெஞ்சுல கை வெச்சுட்டு ஏன்டா நிக்கறே? சட்டத்த மேடையில வை" என்றான் செங்கோடன்.

வைத்தான். கண்ணாடிக்குள் சிவப்பாகப் பூஜ்யம் எரிந்தது.

அந்த மேடை கல் லாரிக்கும் கரும்பு லாரிக்கும் என்று செய்தது. பத்துக் கிலோவுக்குக் கீழே இருப்பதை அது ஒரு பொருட்டாகவே மதிக்காது. மேடையை அமைத்துக் கொடுத்தவன் இதை அர்த்தநாரியிடம் சொல்லித்தான் போனான். அர்த்தநாரியும் நன்றாக நினைவில் வைத்திருந்தான். அவன் அதை எடுத்துக்கொண்ட விதம்தான் வேறு. உலகத்தில் பத்துக் கிலோவுக்குக் கீழே உள்ள எதற்கும் எடை கிடையாது என்று அவன் மனதில் பதிந்திருந்தது. அவனுடைய டிபன் கேரியருக்கு எடை இல்லை. மேடையில் படுத்துத் தூங்கும் பூனைக்கும் எடை இல்லை. வருஷா வருஷம் அரசாங்க முத்திரை வாங்கும் மேடை பொய் சொல்லுமா?

அடுத்த சட்டத்தை வைத்தார்கள். பூஜ்யம். தகட்டை வைத்தார்கள். பூஜ்யம். மடக்கி எடுத்துப்போக லாரியின் பின்கதவுக் கீல்கள். அவையும் பூஜ்யம்.

"நிஜப் பாறையாட்டம் இருக்கணுமே" என்று ஞாபகப்படுத்தினான் அர்த்தநாரி.

"நிஜப் பாறையாட்டவே இருக்கறது எது?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

யோசித்தார்கள். வேறு பதில் கிடைக்கவில்லை.

குவாரிக்குப் போய், கையில் பிடிக்கும் அளவு கருங்கற்களாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றும் மேடைக்குப் போயிற்று. ஒவ்வொன்றும் பூஜ்யத்தோடு திரும்பி வந்தது. எடையில்லாத கல் இவ்வளவு கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. கையில் குத்தாமல் இருக்கப் பழைய லாரி டயரை அறுத்து விளிம்பெல்லாம் சுற்றினார்கள். டயர்த் துண்டுக்கும் எடை இல்லை. போல்ட் போட்டு ஒவ்வொன்றாகச் சட்டத்தில் முடுக்க முடுக்க, எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு மலை எழுந்தது.

செங்கோடன்தான் கேட்டான். "மொத்தமா ஒருக்கா நிறுத்துப் பார்த்தரலாமா?"

அர்த்தநாரிக்கு முகம் வாடிவிட்டது. "பூஜ்யத்தோட பூஜ்யம் சேர்ந்தா என்னடா?"

"பூஜ்யம்."

"தெரிஞ்சுட்டே நிறுத்தா அது மெசினைச் சந்தேகப்படறதாட்ட ஆயிருமே. சோறு போடற மெசினுடா."

"அந்தப் புள்ள பிசிக்ஸ் டீச்சர் வேற. பூஜ்யத்தைக் கூட்டிப் பார்த்தீங்களான்னு சிரிக்கும்" என்றான் நாச்சிமுத்து.

செங்கோடன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

பிறகு, தூக்கிப் பார்க்கலாமென்று அர்த்தநாரி ஒரு பக்கம் கையைக் கொடுத்தான். மலை அசையவில்லை. இருவராக முயன்றார்கள். மூவராக முயன்றார்கள். நாச்சிமுத்துவின் இடுப்பில் ஏதோ ஒன்று சத்தம் போட்டது.

"எடையே இல்லாத சாமானைத் தூக்க முடியலைன்னா கோளாறு எங்கடா இருக்குது?" என்று மூச்சு வாங்கக் கேட்டான் செங்கோடன்.

அர்த்தநாரி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ற கையிலதான்" என்றான். மூளை பற்றித்தான் இதுவரை சந்தேகம் இருந்தது. இப்போது உடம்பும் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட ஒருவனை அந்தப் பெண் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் காணப்போகிறது என்று அவனுக்கே கோகிலவாணியின் மேல் பரிதாபமாக இருந்தது. அன்றிலிருந்து மூவரும் காலையில் முட்டையும் சாயங்காலம் தண்டாலுமாகக் கிடந்தார்கள். தண்டாலில் கீழே போவது சுலபமாக வந்தது. சனிக்கிழமையும் வந்தது. மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒரு ஆளே தூக்கணும்னுதான சொன்னாங்க? எப்படித் தூக்கணும்னு சொன்னாங்களா?" என்று திடீரென்று கேட்டான் செங்கோடன்.

"சொல்லலை."

"கிரேன் வண்டியில எத்தனை பேர் உட்காருவாங்க?"

"ஒருத்தன்."

"அவ்வளவுதான்."

தன் கூட்டாளிக்கு இப்படி ஒரு தலை இருப்பது அர்த்தநாரிக்குப் பெருமையாகவும், தனக்கு அது வாய்க்காதது வருத்தமாகவும் இருந்தது. செங்கோடன் கிரேனில் மலையை மாட்டிக்கொண்டு பெருந்துறைக்குப் புறப்பட, மற்ற இருவரும் ரிமோட் வண்டிகளோடு பைக்கில் பின்னால் போனார்கள்.

பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் கிரேனைப் பார்த்ததுமே கீழே நின்ற பிள்ளைகளை எல்லாம் மாடிக்கு விரட்டி மைதானத்தைக் காலி செய்தார். எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. மூன்று பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார், அது போதுமானதாக இருந்தது.

மலை மேலே எழுந்தது. முதல் மாடிப் பிள்ளைகள் கத்தினார்கள். இரண்டாவது மாடிப் பிள்ளைகள் அதைவிட அதிகமாகக் கத்தினார்கள். அர்த்தநாரி படி வழியாக ஓடி, தாழ்வாரத்தில் கோகிலவாணிக்குப் பக்கத்தில் போய் மூச்சிரைக்க நின்றபோது, கைப்பிடிச் சுவருக்கு வெளியே மலை வந்து ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே வரவில்லை. சுவருக்கும் மேல்கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைவிட மலை ரொம்பப் பெரிது.

"என்னங்க இது?" என்றாள் கோகிலவாணி.

"தடமுங்க."

"லேசா இருக்கணும்னு சொன்னேனே."

"எடையே இல்லீங்க. ஒண்ணொண்ணா நிறுத்தோம்."

"ஒண்ணொண்ணாவா?"

"ஆமாங்க. எங்க லாரி மேடையில."

அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "ஒரு ஆளே தூக்கணும்னு..."

"கீழ பாருங்க. செங்கோடன் ஒருத்தன்தானுங்க."

கோகிலவாணி கீழே பார்த்தாள். கிரேனில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் அவளுக்கு மரியாதையாகக் கும்பிடு போட்டான். அவள் மலையைப் பார்த்தாள். "பரவால்லை விடுங்க. மைதானத்துலயே இறக்கிருங்க. பிள்ளைங்களை நான் கீழ கூட்டிட்டு வந்தர்றேன்."

"அது ஆகாதுங்க" என்றான் அர்த்தநாரி.

"ஏனுங்க?"

"நீங்க ரெண்டாவது மாடின்னு சொன்னீங்க."

அவள் அவனை முதன்முறையாக நன்றாகப் பார்த்தாள். "நான் சொன்னா அப்படியே செய்வீங்களா?"

"வேற எப்படிங்க செய்யறது?"

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே வேறு வழி தெரியாமல்தான் கேட்டான். இதற்கு முன் அவளைப் பார்க்க வந்தவர்களில் ஒருத்தர் வேலையை விடச் சொன்னார். ஒருத்தர் அவள் பேசி முடிக்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன ஒரு வாக்கியத்தைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. இந்த ஆள் ஒன்று விடாமல் எடுத்துப்போய், போல்ட் போட்டு முடுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஹெச்.எம்.கிட்டப் பேசிட்டு வர்றேன். அதுவரைக்கும் அப்படியே பிடிச்சுட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அர்த்தநாரி கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டி மலையைப் பிடித்துக்கொண்டான்.

கீழேயிருந்து செங்கோடன் கத்தினான். "என்றா பண்றே?"

"பிடிச்சிருக்கேன்! பிடிக்கச் சொல்லியிருக்குது!"

செங்கோடன் யோசித்தான். "டேய், அப்ப இப்ப நம்ம ரெண்டு பேரு தூக்கறோம்!"

அர்த்தநாரி தன் கையையும் கிரேனையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு ஆள் என்றுதானே சொன்னாள்? திரும்பி வந்து பார்த்தால் என்ன நினைப்பாள்? இவ்வளவு தூரம் வந்து, பதிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இப்படி ஒரு தப்பா?

"யாராச்சும் ஒருத்தர் விடணும்டா!" என்று கீழேயிருந்து தீர்ப்புச் சொன்னான் நாச்சிமுத்து.

"என்னைத்தான் பிடிக்கச் சொல்லுச்சு! செங்கோடா, நீ விட்டுரு!"

"விடட்டுமா?"

"விடுடா!"

செங்கோடன் விட்டான்.

பள்ளிக்கூடம் அதிர்ந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு சுவர்க்கடிகாரம் கீழே விழுந்தது. புழுதி அடங்கியபோது மைதானத்தில் ஒரு பள்ளம் இருந்தது, அதைச் சுற்றிக் கல்லும் தகடும் டயரும் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. ஒரு போல்ட்கூட ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

கோகிலவாணி ஓடி வந்தாள். அர்த்தநாரி குனிந்தபடியே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"என்னங்க பண்றீங்க?"

"பிடிச்சுட்டிருக்கேனுங்க."

"எதை?"

அப்போதுதான் அவன் தன் கைகளைப் பார்த்தான். இரண்டும் காலியாக இருந்தன. அவற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டான். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒரு வாக்கியம் தேடினான்.

கோகிலவாணி கைப்பிடிச் சுவருக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக் கை தட்டினாள். "வரிசையாக் கீழ போங்க. ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு மேல வாங்க. ஒண்ணுதான்!"

அவ்வளவுதான். எறும்பு சாரி போவதுபோல மலை படியேறியது. கல் ஒருத்தன் கையில், டயர்த் துண்டு ஒருத்தி கையில். ஒரு பீரியடு முடிவதற்குள் ஹாலுக்குள் கல்லும் தகடும் குவிந்துவிட்டன. பிள்ளைகளே அடுக்கினார்கள், பாலம் வைத்தார்கள். மூன்று வண்டிகளும் பல்லிபோல அதன்மேல் ஏறின. ஒரு வண்டி உச்சிக்குச் சற்று முன்னால் சறுக்கியபோது ஹாலே மூச்சைப் பிடித்தது. கோகிலவாணி சக்கரத்தைக் காட்டி உராய்வு என்றாள், பாறையைக் காட்டிச் சாய்தளம் என்றாள். பிள்ளைகள் அவள் சொல்வதைக் கேட்டார்களா தெரியாது. அர்த்தநாரி கேட்டான்.

எல்லாம் முடிந்து பிள்ளைகள் போன பிறகு அவள் அவனிடம் வந்தாள். "எனக்குச் சம்மதமுங்க. அம்மாகிட்டச் சொல்லிருங்க."

அர்த்தநாரி வேகமாகத் தலையாட்டினான். நாச்சிமுத்துதான் அழுதான்.

"ஆனா ஒரே ஒரு கண்டிசன். இனிமே நான் என்ன சொன்னாலும், செய்யறதுக்கு முன்னால என்னைய ஒருக்காக் கேட்டுட்டுச் செய்யணும்."

"சரிங்க" என்றான் அர்த்தநாரி.

தை மாதம் கல்யாணம். சீர் செய்து கல்யாணத்தை நடத்திவைக்க வந்த அருமைக்காரர் தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் தொடங்கியது. அர்த்தநாரி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கோகிலவாணி தலையைக் குனிந்தபடி, தைரியம் சொல்வதற்காக, மெதுவாக "கட்டுங்க" என்றாள்.

அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"கட்டட்டுங்களா?" என்றான் அர்த்தநாரி.

"ம், கட்டுங்க."

அதுவும் அவள் சொன்னதுதானே? செய்வதற்கு முன் கேட்க வேண்டும். "கட்டட்டுங்களா?"

"அட, கட்டுங்கன்னு சொல்றேனே!"

"சொன்னீங்க. அதான் கேக்கறேன். கட்டட்டுங்களா?"

நாதஸ்வரக்காரருக்குக் கன்னம் வலித்தது. தவில்காரர் நிறுத்துவதா வேண்டாமா என்று அருமைக்காரரைப் பார்த்தார். அருமைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. கோகிலவாணி வாயை இறுக மூடிக்கொண்டு, அவன் கையிலிருந்து தாலியை வாங்கி, பின்கழுத்தில் கைவிட்டு, தானே மூன்று முடிச்சும் போட்டுக்கொண்டாள். அட்சதை விழுந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்ற செங்கோடனும் நாச்சிமுத்துவும் தலைமேல் விழுந்த அரிசியைத் தட்டிவிடவும் மறந்து தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

"தாலிய அவங்களே கட்டிக்கிட்டாங்க" என்றான் செங்கோடன்.

"ஆமா. இவன் கட்டலை."

"அப்ப பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

"ஆயிருச்சு. நம்ம பையனுக்குத்தான் இன்னும் ஆகலை."

அர்த்தநாரியின் காதில் அது நன்றாக விழுந்தது. மாலையும் கழுத்துமாக அவன் பக்கத்தில் நின்ற பெண்டாட்டியின் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், கவலையோடு கேட்டான்.

"எனக்கு எப்பங்க ஆகும்?"